அப்பாவின் நினைவு மலரில் தூண்டிலைப் போடலாமா?

சங்கக்கடை மகள்
செவ்வாய் இரவு

வணக்கம். வழமையாக இங்கே வாசித்துவிட்டு ஓசைப்படாமல் போகிற ஆள் நான். இன்றைக்கு ஒரு விசயம் கேட்க வேண்டும்.

அப்பா போய்ப் பன்னிரண்டு நாள். எட்டுச் செலவுப் படையலும் முடிந்துவிட்டது. முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கு முதல் எழுத்தைத் தரச்சொல்லி அச்சகத்தார் நிற்கிறார்கள். வாழ்க்கைக் குறிப்பைக் கனடாவில் இருந்து அண்ணா எழுதி அனுப்பியிருக்கிறார். பிழை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. 1952இல் பிறந்தது, அப்பப்பா குடியேற்றத் திட்டத்துக் காணிக்குக் கிளிநொச்சி வட்டக்கச்சி வந்தது, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் அப்பா கிளை முகாமையாளராக இருந்தது, பிள்ளையார் கோயில் கணக்கைப் பார்த்தது, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. "அன்புக் கணவர், பாசமிகு தந்தை, நேசமிகு பாட்டனார்" கூட இருக்கிறது. மூன்று பக்கம். மீன் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

எங்கள் ஊரில் அப்பாவைத் தெரிந்த எவருக்கும் தூண்டிலோடுதான் அவரைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம் இரணைமடுக் குளக்கட்டில் ஒரு லுமாலா சைக்கிள் சாத்தி நின்றால் அது அவருடையது. சங்கக்கடையில் அரிசி நிறுத்துக்கொண்டு நிற்கும்போதும் "குளம் எத்தினை அடி?" என்றுதான் வருகிற ஆளைக் கேட்பார்.

அண்ணாவுக்கு எடுத்துக் கேட்டேன். "உத்தியோகம் பாத்த மனுசன். மீன் பிடிச்சவர் எண்டு அச்சடிச்சுக் குடுத்தா ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்றார். பெரிய மாமியும் அதே பாட்டு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பன்னிரண்டு நாளும் அவர் எதைப் பற்றியும் வாய் திறக்கவில்லை.

போடலாமா, விடலாமா? போட்டால் எப்படி எழுதுவது?


அச்செழுத்து

ஆழ்ந்த அனுதாபங்கள் தங்கச்சி. நான் கொஞ்சக் காலம் அச்சகத்தில் நின்றவன். கல்வெட்டு என்கிற இரங்கற்பாப் புத்தகம், நினைவு மலர் என்று எத்தனையோ கோர்த்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் எல்லாம் ஒரே மலர்தான், பெயரும் படமும்தான் மாறும். முதலில் தேவாரம் திருவாசகம், பிறகு வாழ்க்கைக் குறிப்பு, பிறகு மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். புலம்பல் பாட்டுகள் எங்களிடம் ஆயத்தமாகவே இருக்கும். ஊரின் பெயரை மட்டும் எதுகை இடிக்காமல் மாற்ற வேண்டும். வாங்குகிற ஆள் முன்பக்கத்துப் படத்தைப் பார்த்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைப்பார்.

ஒரேயொரு மலர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு ஆச்சியுடையது. அவர் மோர்மிளகாய் போடுகிற விதத்தைப் பிள்ளைகள் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தார்கள், எத்தனை வெயில், எத்தனை தரம் மோரில் தோய்ப்பது என்று. செத்தவீட்டுக்கு வராத சனமும் அதைக் கேட்டு வாங்கியது.

போடுங்கள்.


மருதநிலம்

அனுதாபங்கள். ஆனால் அண்ணா சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. நினைவு மலர் என்பது திருமுறையோடு சேர்த்து அடிக்கிற புத்தகம். சாமியறையில் வைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அதற்குள் உயிர்க்கொலையைப் பெருமையாக எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. "இயற்கையை நேசித்தவர்" என்று ஒரு வரி போடுங்கள். விளங்குகிற ஆட்களுக்கு விளங்கும்.


கரைவலை

இயற்கையை நேசித்தவர் என்றால் மரம் நட்டவர் என்று நினைப்பார்கள் ஐயா.

நான் முல்லைத்தீவு. அப்பு, ஐயா, நான் என்று மூன்று தலைமுறையாகக் கரைவலை. தங்கச்சி, உங்களோடு கோபம் இல்லை. ஆனால் "ஆக்கள் என்ன நினைப்பினம்" என்ற அந்தப் பேச்சுக்குள் என்ன இருக்கிறது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் எழுத மாட்டார்கள். மீன் தின்னலாம். சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்த்துப் பேரம் பேசலாம். பிடித்தவன் வீட்டில் தண்ணி குடிக்கத்தான் யோசனை. 2009இல் கடைசிச் சண்டைக்குள் மாத்தளனிலும் வலைஞர்மடத்திலும் நீங்களும் நாங்களும் ஒரே பங்கருக்குள் குந்தியிருந்தபோது அந்த யோசனை ஒருவருக்கும் வரவில்லை. முகாமால் வெளியே வந்து வீட்டுக்குக் கூரை போட்டதும் அதுவும் திரும்பி வந்துவிட்டது.

உங்கள் அப்பா சம்பளம் எடுத்த மனுசன். ஆசைக்குப் பிடித்தவர். அதை எழுதவே கூச்சம் என்றால் எங்கள் வீட்டு மலர்களில் நாங்கள் என்னத்தை எழுதுவது? என்னுடைய ஐயாவின் மலரில் முன்பக்கத்துப் படமே வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறதுதான். கோட்டுப் போட்ட மாதிரி கணினியில் மாற்றித் தரவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.


சங்கக்கடை மகள்

கரைவலை அண்ணை, நீங்கள் எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். அப்படியே எடுத்து அண்ணாவுக்கு அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் இல்லை.

மருதநிலம் ஐயா, எங்கள் வீடும் வெள்ளிக்கிழமை சைவம்தான். கந்தசட்டி ஆறு நாளும் அப்பா பால்பழத்தோடு இருப்பார். ஆனால் வெள்ளியில் தூண்டில் போடக்கூடாது என்று எந்தப் புராணத்தில் இருக்கிறது என்று அம்மாவைக் கேட்பார். அன்றைக்குப் பிடித்த மீன் எங்கள் படலை தாண்டாது. முன்வீட்டுக்காரர் வேதக்காரர், கத்தோலிக்கர், அவர்களுக்கு வெள்ளியில் இறைச்சிதான் கூடாது. இரண்டு சமயத்துக்கும் பிழை வராமல் மீன் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடும்.

சரி, எழுதிப் பார்க்கிறேன். எனக்கு வருவது இப்படித்தான் வருகிறது.

அப்பாவிடம் இருந்த சாமான் மிகக் கொஞ்சம். ஒரு மூங்கில் தடி. தங்கூசி என்கிற நைலோன் நூல் சுற்றிய ஒரு பலகைத் துண்டு. மிதப்புக்கு மயிலிறகின் அடித்தண்டு, நாலு விரல் நீளத்துக்கு வெட்டியது. எங்கள் பக்கம் மயிலுக்கா பஞ்சம். தூண்டில் முட்கள் எல்லாம் ஒரு பழைய சித்தாலேப ரின்னுக்குள் இருக்கும், துருப்பிடிக்காமல் தேங்காயெண்ணெய் தடவி. நேற்று அதைத் திறந்தேன். மருந்து மணம் முழுக்கப் போகவில்லை, அதோடு எண்ணெய் காறின மணமும் சேர்ந்து அடித்தது. பதினொரு முள் இருந்தது. ஒன்று சட்டைப்பின்னை வளைத்துச் செய்தது.

எனக்கு ஐந்து வயதில் இருந்து கூட்டிக்கொண்டு போனார். கட்டில் ஏறினால் ஒரு பக்கம் தண்ணி, மற்றப் பக்கம் பள்ளம். இருட்டு. சுட்டுவிரலை நீட்டி, "இதைப் பிடி, விடாதை" என்பார். முழுக் கையையும் தரமாட்டார், அந்தக் கையில்தான் புழு ரின்னும் இருக்கும். வாழையடியில் கிண்டி எடுத்த மண்புழு. முள்ளில் முழுப் புழுவையும் கோர்த்துவிடக் கூடாது, வால் கொஞ்சம் ஆடவேண்டும். மிதப்பு முதல் இரண்டு தரம் துடிக்கும். அது பொய், திலாப்பியா சப்பிப் பார்க்கிறது. பிறகு மிதப்பு சாய்ந்து ஒரு பக்கமாக ஓடும். அப்போது இழுக்க வேண்டும். நான் எப்போதும் முதல் துடிப்பிலேயே இழுத்துவிடுவேன். அவர் ஏச மாட்டார், வெறும் முள்ளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அவருக்குக் காலமைச் சாப்பாடு குடுத்திட்டாய்" என்பார்.

1996இல் நான் பெரியபிள்ளை ஆனேன். இனிக் குளத்துப் பக்கம் போகக்கூடாது என்றார் அம்மா. அப்பா அதற்கு மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இப்போதும் கொஞ்சம் இருக்கிறது, மலரில் எழுத மாட்டேன், இங்கே எழுதுகிறேன். அதே வருசம்தான் கிளிநொச்சி இடம்பெயர்ந்தது. நாங்கள் மல்லாவிக்குப் போனோம், இரணைமடுவும் இல்லாமல் போனது.


நீர்ப்பாசனம்

பிள்ளை, ஆரைச் சொல்கிறீர்கள் என்று எனக்கு இப்போதுதான் பிடிபட்டது. நான் அங்கே குளத்தில் வேலை செய்தவன், இளைப்பாறிவிட்டேன். துருசடியில், அதுதான் மதகடியில், இருக்கிற அளவுகோலை விடிய நான் போய்ப் பார்க்கமுதல் உங்கள் அப்பா பார்த்திருப்பார். "இண்டைக்கு ரண்டங்குலம் இறங்கீற்றுது ஐயா, வாய்க்காலுக்குக் கூட விட்டிட்டியளோ?" என்று என்னிடமே கணக்குக் கேட்ட மனுசன்.

வெளியூர் ஆட்களும் வாசிக்கிறபடியால் ஒரு விசயம். 1902இல் வேலை தொடங்கி இருபதுகளில் முடித்த குளம் இது. இரணை என்றால் இரட்டை, இரண்டு மடு சேர்ந்ததால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். கனகராயன் ஆற்றை மறித்த கட்டு. முந்தி 34 அடி நிறைந்தால் வான் பாயும், அதாவது மிச்சத் தண்ணி வழியும், கடைசித் திருத்தத்தில் 36 ஆக உயர்த்தினார்கள். அந்த இரண்டு அடிக்கும் உங்கள் அப்பா சந்தோசப்படவில்லை. அலைகரையில் அவர் குந்துகிற மருதமரத்தடி தண்ணிக்குள் போய்விடும் என்று என்னோடு ஒரு நாள் முழுக்கச் சண்டை. கமக்காரரின் சிறுபோக நெல்லுக்கு நல்லது என்றேன். "எனக்கும் வயல் இருக்கு, அது வேற கதை" என்றார்.


பாலியாறு

நான் மல்லாவிப் பக்கம். இடம்பெயர்ந்து வந்த சங்கக்கடை மனேச்சரைத் தெரியாமல் விடுமா? அந்த நேரம் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கு, பற்றரி கண்ணால் காண முடியாது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்டோம். நிவாரண அட்டையோடு சனம் விடிய நாலு மணிக்கே வரிசையில் நிற்கும். அந்த ஆள் மட்டும் அதற்கும் முதல் எழும்பி வவுனிக்குளத்துக்குப் போய்விட்டு வந்து, ஈரச் சாரத்தோடு கடையைத் திறப்பார்.

எனக்கு அப்போது பதினாறு. விரால் பிடிக்கப் பழக்கினது அவர்தான். சின்னத் தவளையை முள்ளில் கொழுவி, தாமரை இலைகளுக்கு நடுவில் தண்ணியின் மேலால் தத்தித் தத்தி இழுக்க வேண்டும். விரால் அடிக்கிற சத்தம் கல் விழுந்த மாதிரிக் கேட்கும். அடித்த உடனே வெட்டி இழுத்தால் போச்சு. "முருகா முருகா எண்டு ரண்டு தரம் சொல்லிப்போட்டு இழு" என்பார்.

ஒரு நாள் மழைக்குப் பிறகு, கரையோரம் செம்மஞ்சளாக ஒரு கூட்டம். பார்த்தால் விரால் குஞ்சுகள், ஒரு பெரிய தட்டளவுக்கு, கொதிக்கிற மாதிரி மேலே வந்து வந்து மூச்செடுக்கின்றன. விரால் காற்றைக் குடிக்கிற மீன் அல்லவா. அதற்குக் கீழே தாயும் தகப்பனும் காவல். நான் தவளையை எறியப் போனேன், கையைப் பிடித்துவிட்டார். குஞ்சுக்குக் கிட்டக் கல்லைப் போட்டாலும் அவை பாய்ந்து கொத்தும், பிடிப்பது வலு சுகம் என்று எனக்கும் தெரியும். "இப்ப பிடிச்சா ஒண்டு. விட்டா மாசி பங்குனிக்கு நாப்பது" என்றார். நான் இன்றைக்கு வரைக்கும் குஞ்சோடு நிற்கிற விராலைத் தொடுவதில்லை. மலரில் இதைப் போடுங்கள்.

இன்னொன்று. திலாப்பியாவை வந்தான் வரத்தான் மீன் என்று ஆரும் பழித்தால் அவருக்குப் பிடிக்காது. "அது இலங்கைக்கு வந்தது ஐம்பத்திரண்டில. நானும் ஐம்பத்திரண்டு. ரண்டு பேரும் வெளியால வந்து இந்தக் குளத்துத் தண்ணியில பெருத்தனாங்கள்" என்பார்.


சங்கக்கடை மகள்

பாலியாறு அண்ணை, வாசித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பொய்யாகிவிடும். 97 மாரியில் எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து ஒரு மாதம் படுக்கையில் கிடந்தேன். காய்ச்சல் விட்டதும் பரியாரியார் விராலை மிளகுச் சரக்குப் போட்டுக் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார். அந்தக் கிழமை அப்பா கொண்டுவந்தது குஞ்சோடு நின்ற தாய் விரால். அவரே அம்மாவிடம் சொல்லிக்கொண்டு நின்றது எனக்குக் கேட்டது. சட்டியில் இருந்து முதல் துண்டை எனக்குப் போட்டார், தான் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மூன்று ஞாயிறு குளத்துக்கும் போகவில்லை.

ஆகவே "தொடவே மாட்டார்" என்று எழுத எனக்கு மனம் வராது.


குஞ்சம்மா

பிள்ளை எனக்கு வயது எழுபத்தொன்று பேத்திதான் இதைத் தட்டித் தருகிறாள். குளத்து மீன் சேற்று மணம் என்று இப்போதைய பெட்டைகள் மூக்கைச் சுழிக்கிறார்கள். உரஞ்சத் தெரியாத ஆட்களின் கதை அது. அடுப்புச் சாம்பலும் உப்பும் போட்டு வழுவழுப்புப் போகுமட்டும் உரஞ்ச வேண்டும். பிறகு பழப்புளித் தண்ணியில் கொஞ்ச நேரம் கிடக்கட்டும். வயிற்றுக்குள் இருக்கிற கறுத்தத் தோலை விட்டால் எத்தனை தரம் கழுவினாலும் மணக்கும். விராலைத் துண்டு போட்டுப் பிளந்து உப்பில் போட்டுக் காயவைத்தால் அந்தக் கருவாட்டுக்கு முன்னால் ஒன்றும் நிற்காது. முருங்கைக்காயோடு குழம்பு.

எட்டுக்குப் படைத்தீர்களோ?


சங்கக்கடை மகள்

படைத்தோம் அம்மம்மா. மரக்கறி மட்டும் போதும் என்று பெரிய மாமி சொன்னார். ஆனால் முன்வீட்டு வேதக்கார அன்ரி விரால் கருவாட்டுக் குழம்பு வைத்து, வாழையிலையால் மூடிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஆரும் வாய் திறக்கவில்லை.


சங்கக்கடை மகள்
வியாழன் விடிய

நித்திரை வரவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன், மலருக்கு அல்ல.

2009 சனவரியில் வட்டக்கச்சியை விட்டு வெளிக்கிட்டோம். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை என்று சாமான் குறைந்துகொண்டே வந்தது. உழவு இயந்திரப் பெட்டி நிறையத் தொடங்கி, கடைசியில் கையில் ஒரு பை. காணி உறுதியும் அம்மாவின் தாலிக்கொடியும் பைக்குள். அப்பாவின் சாரமடியில் சித்தாலேப ரின். தடி எங்கே விட்டது என்று எனக்கு ஞாபகம் இல்லை, அவரும் ஒரு நாளும் சொல்லவில்லை.

சோதனையில் ஒரு ஆமிக்காரப் பெடியன் ரின்னைத் திறந்து பார்த்தான். முட்களைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். "மாலு?" என்று கேட்டான், சிங்களத்தில் மீன். "ஓம், மாலு" என்றார் அப்பா. மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

மெனிக் பாம் முகாமில் இருந்தபோது கிட்டத்தான் அருவியாறு ஓடியது. குளிக்க விட்ட நாட்களில் மற்ற எல்லாரும் தண்ணியைக் கண்டதும் விழுந்து குளிப்பார்கள். அப்பா கரையில் நின்று நீரோட்டத்தைப் பார்ப்பார். முள் இருக்கிறது, தங்கூசி இல்லை. நிவாரண அரிசிப் பையின் வாயைத் தைத்திருந்த நூலை உருவி, மூன்று புரியாகத் தொடையில் வைத்துத் திரித்தார். தொடை மயிரெல்லாம் பிய்ந்து சிவந்து போனது. இரண்டு நாள் திரித்தார். பிறகு ஒரு பின்னேரம் கெண்டை மூன்று, விரல் நீளம்தான். அம்மா பால்மா ரின்னில் மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தார். பக்கத்துக் கூடாரத்தில் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி, ஒன்று அவளுக்கு. மற்ற இரண்டும் எங்கள் ஐந்து பேருக்கு. மீன் முள்ளை எல்லாம் நான் எடுத்து வைத்திருந்தேன், ஏன் என்று தெரியவில்லை.

மீளக்குடியேறி வந்து முதல் மாதம் வீட்டுக்குத் தகரம் போடமுதல் மூங்கில் தடி வாங்கிவிட்டார் என்று அம்மா ஏசினது வேறு கதை.


மருதநிலம்

தங்கச்சி, நான் முதலில் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.


பாலியாறு

அண்ணா பதில் போட்டாரா?


சங்கக்கடை மகள்
வெள்ளி மத்தியானம்

இரவு ஒன்றரைக்கு எடுத்தார். அண்ணா அப்படி எடுக்கிற ஆள் இல்லை.

அவருடைய பிரச்சினை நான் நினைத்தது இல்லை. 1991, அவருக்குப் பதின்மூன்று வயது. கணிதத்துக்கு முதல் பரிசு. பரிசளிப்புக்கு வருகிறேன் என்று அப்பா சொல்லியிருந்தார், அம்மா வேட்டியும் மினுக்கி வைத்திருந்தார். விடியப் போனவர் பெரிய விரால் ஒன்று அடித்துத் தப்பிவிட, அது திரும்ப வரும் என்று காத்துக் கிடந்திருக்கிறார். பரிசளிப்பு முடிந்து பெடியங்கள் படலைக்கு வெளியே வரும்போதுதான் அப்பா வந்து சேர்ந்தாராம், முழங்கால் மட்டும் சேறு, உமல் பைக்குள் மீன், வால் வெளியே. "மீன்காரன்ர மோன்" என்று அன்றைக்கு வைத்த பட்டம் அந்தப் பள்ளிக்கூடம் விடும் வரைக்கும் போகவில்லை. அண்ணா அப்பாவிடம் ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை. "சொல்லியிருந்தா மன்னிப்புக் கேட்டிருப்பார். எனக்கு அது வேண்டாம் எண்டு இருந்தது" என்றார். பிறகு, கரைவலை அண்ணை எழுதியதை வாசித்ததாகவும், வேறு பெடியங்களுக்கு அது பட்டமே இல்லை, உண்மையாகவே அவர்களுடைய தகப்பனின் தொழில் என்று தனக்கு இவ்வளவு காலமும் யோசிக்கத் தோன்றவில்லை என்றும் சொன்னார்.

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தம் இல்லை.

"அந்த விரால் எவ்வளவு பெரிசு?" என்று நான் கேட்டேன். "ரண்டு கிலோ எண்டு சொன்னவர். ஒரு கிலோவும் வராது" என்றார். அப்பா எப்போதும் அப்படித்தான், நிறுக்கிற தொழில் பார்த்த மனுசன், மீனை மட்டும் கண்ணால் நிறுப்பார்.

காலையில் அண்ணாவே ஒரு வரி எழுதி அனுப்பினார். பொருளாளர் என்பதற்குக் கீழே போடச் சொல்லி. "இரணைமடுக் குளத்தில் தூண்டிலிட்டு விரால் பிடிப்பதில் வல்லவர்." அதற்குக் கீழே நான் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். நாட்காட்டியில் இருந்து அப்பாவின் கையெழுத்தில் ஐந்தாறு குறிப்பும் எடுத்துப் போடுகிறேன். 2010க்குப் பிறகு எல்லா வருசத்து நாட்காட்டியும் கோர்க்காலிக்குக் கீழே கிடந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக் கட்டத்துக்குள்ளும் எழுதி வைத்திருக்கிறார்.

"27 அடி. திலாப்பியா 5. விரால் இல்லை. முழங்கால் நோ."

"31. மழை. சும்மா இருந்தேன்."

"22. முதலை நிண்டது, இடம் மாறினேன். கெளிறு 3, பேரனுக்குக் காட்டினேன், பயப்பிட்டான்."

2018 மார்கழி வெள்ளத்துக்கு: "வான் கதவு எல்லாம் திறந்தாச்சு. சனம் பள்ளிக்கூடத்தில். சங்கத்தால சமையல். போகேல்லை."


நீர்ப்பாசனம்

பிள்ளை, அந்த நாட்காட்டிகளை எறிந்துவிடாதையுங்கோ. ஒருக்கால் வந்து பார்க்கலாமா? குளத்துக் கணக்கை அவருடையதோடு ஒத்துப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. அவருடையதுதான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.


சங்கக்கடை மகள்
கிட்டத்தட்ட மூன்று கிழமைக்குப் பிறகு

மன்னிக்க வேண்டும், வேலையோடு இங்கே வரவில்லை. நீர்ப்பாசனம் ஐயா, எந்த நாளும் வாருங்கள்.

கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, முப்பத்தொன்றும் ஒழுங்காக நடந்தது. மலர் முந்நூறு அடித்தோம். முதல் நாள் இரவுதான் அச்சகத்தால் வந்தது, கட்டைப் பிரிக்கவும் நேரம் இல்லை. அடுத்த நாள் பந்தலுக்குள் கொடுத்துக்கொண்டு போகும்போது பின்வரிசையில் ஆரோ சிரிக்கிற சத்தம். பிறகு இன்னும் இரண்டு பேர். எனக்கு நெஞ்சு இடித்தது. எடுத்துப் பார்த்தால் நாலாம் பக்கத்தில் அண்ணாவின் வரி. ஒரு கால் விடுபட்டுவிட்டது.

"இரணைமடுக் குளத்தில் தூண்டிலிட்டு விரல் பிடிப்பதில் வல்லவர்."

அண்ணா கனடாவில் இருந்து வந்து வேட்டியோடு நிற்கிறார், முகம் கறுத்துப் போனது. முந்நூறிலும் பேனையால் ஒரு கால் போடுவோமா என்று கேட்கிறார். பெரிய மாமி, நான் அப்போதே சொன்னேன் என்று தொடங்கிவிட்டார். அம்மா என்ன சத்தம் என்று கேட்டார். ஆரும் சொல்ல விரும்பவில்லை. கடைசியில் அண்ணாவின் மகள், எட்டு வயது, கனடாத் தமிழில் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி அம்மாவுக்கு அந்த வரியை வாசித்துக் காட்டினாள்.

அம்மா சிரித்தார். முப்பத்தொரு நாளில் முதல் தரம். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க. பிறகு, "சரியாத்தானே கிடக்கு, விடுங்கோ" என்றார்.


பாலியாறு

முருகா முருகா.


அச்செழுத்து

ஒரு கால் விழுந்ததற்குத் தொழில்காரன் என்ற முறையில் நான் மன்னிப்புக் கேட்கிறேன். பேனையால் போட்டீர்களா?


சங்கக்கடை மகள்

இல்லை.


கரைவலை

தங்கச்சி, எனக்கு ஒன்று எடுத்து வையுங்கள். அடுத்த புதன் கிளிநொச்சிச் சந்தைக்கு வருகிறேன். நந்திக்கடலில் இப்போது இறால் படுகிறது, அம்மாவுக்கு ஒரு கிலோ கொண்டுவருகிறேன். வெள்ளிக்கிழமை இல்லைத்தானே.